வாசகர் கேள்வி–பதில்: வைரஸ் படித்தவர் தடுப்பூசி ஆலையை நடத்தும் இடத்துக்கு வருவது எப்படி?

வைரஸ் ஆராய்ச்சியில் தொடங்கி உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் தலைமைக்குப் போகும் பாதை பற்றி நீலகிரியிலிருந்தும் பழனிமலைப் பகுதியிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். வைரஸ் ஆய்விலும் தடுப்பூசி உற்பத்தியிலும் பணிபுரிவோர் பதில் அளிக்கிறார்கள்.

பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். வைரஸ் ஆராய்ச்சி செய்து, பிறகு தடுப்பூசி நிறுவனத்தில் பெரிய பொறுப்புக்கு வர ஆசை. என்ன படிக்க வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும்? நம் மலையில் இதற்கு வழி உண்டா?
*– கல்லூரி மாணவி, கோத்தகிரி*

வழி உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு தொடர்புடையது. 1957இல் ஆசியக் காய்ச்சல் பரவியபோது இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா மையமாக வேலை செய்ததும் அதுதான். ஊட்டி புதுமந்தில் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனத்தின் ஹியூமன் பயாலஜிக்கல்ஸ் பிரிவு அதே நோய்க்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடுப்பூசி ஆலைகள் இருப்பது சாதாரண விஷயமில்லை. எம்.எஸ்சி. இரண்டாமாண்டுத் திட்டப்பணிக்கு இரு இடங்களுக்கும் துறைத்தலைவரின் கடிதத்தோடு ஆறு மாதம் முன்பே எழுதுங்கள்.

எம்.எஸ்சி.க்கு நுண்ணுயிரியல் எடுங்கள், அல்லது புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் எம்.எஸ்சி. வைராலஜிக்கு நுழைவுத்தேர்வு எழுதுங்கள். நுண்ணுயிரியல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மருந்து உற்பத்தியின் தொழில்நுட்பப் பொறுப்பாளராக ஒருவரை ஏற்க, விதிகள் மருந்தியல் பட்டம் அல்லது வேதியியலோ நுண்ணுயிரியலோ முதன்மைப் பாடமான அறிவியல் பட்டம் கேட்கின்றன. அதோடு உற்பத்தி அனுபவமும் வேண்டும்: மருந்தியல் படித்தவருக்கு 18 மாதம், அறிவியல் படித்தவருக்கு மூன்றாண்டு. விலங்கியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால் பின்னாளில் உரிமப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதுவது சிக்கலாகும்.

பிஎச்.டி. உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், டி.பி.டி. ஜே.ஆர்.எஃப். என்று பல கதவுகள் உண்டு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) 42,000, வீட்டு வாடகைப்படி தனி. நெட் உயிர் அறிவியல் தாளில் 200க்கு 100 மதிப்பெண் ‘சி’ பகுதியில்தான் இருக்கிறது. அதில் 75 கேள்விகளில் 25ஐ எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண். எல்லாப் பாடத்தையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட நான்கைந்து அலகுகளை ஆழமாகப் படிப்பவர்களே இதில் தேறுகிறார்கள்.

என் மகள் வெறிநாய்க்கடி வைரஸ் ஆய்வகத்தில் சேரப்போகிறாள். பயமாக இருக்கிறது.
*– ஒரு தாய், அருவங்காடு*

உங்கள் பயம் இயல்பானது. ஆனால் ஆய்வகத்தில் இதற்கு உறுதியான காப்பு உண்டு. வேலையில் சேரும்முன் தடுப்பூசி 0, 7ஆம் நாட்களிலும் 21 அல்லது 28ஆம் நாளிலும் போட வேண்டும். தொடர்ந்து வைரஸைக் கையாள்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டும். ஒரு மி.லி.க்கு 0.5 ஐ.யு.வுக்கு (பன்னாட்டு அலகு) கீழே இறங்கினால் ஒரு பூஸ்டர். ஊசி குத்திவிட்டாலோ கண்ணில் தெறித்துவிட்டாலோ உடனே 15 நிமிடம் கழுவி (தோலுக்கு சோப்பும் தண்ணீரும், கண்ணுக்கு வெறும் தண்ணீர்), பதிவேட்டில் எழுதி, 0, 3ஆம் நாட்களில் இரண்டு டோஸ் போட்டுக்கொள்ள வேண்டும். முன்பே தடுப்பூசி போட்டவருக்கு இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. மகளிடம் ஒன்றே ஒன்றை மட்டும் கேளுங்கள்: “சேர்ந்த முதல் நாளே வைரஸைத் தொடச் சொன்னார்களா, ஊசி முடிந்து அளவு பார்த்த பிறகா?” முதல் நாளே என்றால் அந்த ஆய்வகம் வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் செல் வளர்ப்பு தொடங்கியிருக்கிறோம். ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலன்) 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், 15 நிமிடம் சரியாக வைத்தும் பாக்டீரியா வந்துவிடுகிறது. செல் வளர்க்கும் ஊடகமோ இன்குபேட்டருக்குள்ளேயே ஊதா கலந்த சிவப்பாகிவிடுகிறது. கோவையில் இதே முறை சரியாக வந்தது.
*– ஆய்வகப் பயிற்றுநர், உதகமண்டலம்*

இரண்டுக்கும் உயரம்தான் காரணம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல், கடல்மட்டத்தில் 101. ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டுமே. கடல்மட்டத்தில் முள் 15 காட்டும்போது உள்ளே நீராவி 121 டிகிரி செல்சியஸ். ஊட்டியில் முள் அதே 15 காட்டும்போது உள்ளே சுமார் 117 டிகிரிதான். நான்கு டிகிரி என்று அலட்சியமாக விட முடியாது. பாக்டீரிய வித்துகளை அழிக்கும் வேகம் பத்து டிகிரிக்குப் பத்து மடங்கு மாறும், அதனால் 117இல் தேவையான நேரம் இரண்டரை மடங்கு ஆகிறது.

121 டிகிரி வேண்டுமென்றால் உங்கள் ஊரில் முள் 18.5 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். ஆனால் பழைய கலனில் அந்த அழுத்தத்தை முயலாதீர்கள். கலனின் உடம்பில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தையும் பாதுகாப்பு வால்வின் அளவையும் பாருங்கள். அது இடம் கொடுக்காவிட்டால் 15இலேயே வைத்து நேரத்தை 40 நிமிடமாக்குங்கள். வெப்பம் தாங்காத பொருள்களை 0.22 மைக்ரான் வடிகட்டியில் போடுங்கள். கலனில் இருக்கும் காற்றை முதலில் முழுதாக வெளியேற்ற வேண்டும், வால்விலிருந்து நீராவி தொடர்ச்சியாக வரும் வரை மூடக் கூடாது. கடைசியாக, வித்துப்பட்டை (வெப்பம் தாங்கும் பாக்டீரிய வித்து பூசிய தாள்) ஒன்றைச் சுமையின் நடுவில், பெரிய பாட்டில்களுக்கிடையே வைத்து எடுத்து 55–60 டிகிரியில் வளர்த்துப் பாருங்கள். வளரவில்லை என்றால்தான் அந்தச் சுழற்சி தேறியது.

ஊடகத்தின் நிறம் மாறுவதும் இதே கதைதான். நிறம் காட்டுவது ஊடகத்தின் பி.எச்.-ஐ, அதாவது அமில–கார நிலையை. அதைத் தீர்மானிப்பது கார்பன் டை ஆக்சைடின் சதவீதம் அல்ல, அதன் பகுதி அழுத்தம் (மொத்தக் காற்றழுத்தத்தில் அதன் பங்கு). ஊட்டிக் காற்றில் 5 சதவீதம் என்பது கடல்மட்டத்து 3.8 சதவீதத்துக்குச் சமம், பி.எச். சுமார் 0.1 ஏறிவிடும். கடல்மட்டத்து நிலை வேண்டுமென்றால் 6.5 சதவீதத்துக்கு அருகே வைக்க வேண்டும். ஆனால் உங்கள் இன்குபேட்டரின் உணரி எந்த வகை, உயரத்துக்குத் திருத்தம் செய்துகொள்கிறதா என்பதைப் பொறுத்துத் திரையில் தெரியும் எண் மாறும். அதனால் எண்ணை நம்பாமல், ஊடகம் மட்டும் ஊற்றிய தட்டை ஓர் இரவு உள்ளே வைத்து, எடுத்தவுடன் பி.எச். அளந்து, 7.2–7.4க்குள் வரும்படி மாற்றுங்கள். இன்னொன்று: லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட் உள்ள டி.எம்.ஈ.எம். ஊடகம் 10 சதவீத கார்பன் டை ஆக்சைடுக்காக வடிவமைத்தது. அதை 5இல் வைத்தால் மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, கார நிலைக்குத்தான் போகும். 2.2 கிராம் உள்ள எம்.ஈ.எம். எடுத்துப் பாருங்கள்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது நீங்கள் செய்யப்போகும் இந்த வேலைக்கு ஆலையில் ‘வேலிடேஷன்’ என்று பெயர். முள் காட்டியது, திரை காட்டியது என்பது அங்கே சான்று ஆகாது. உங்கள் மாணவர்களை இந்தச் சோதனையைச் செய்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு எழுதச் சொல்லுங்கள். வேலைக்கான நேர்காணலில் அந்த இரண்டு பக்கம் பெரிய மதிப்பு பெறும்.

வைரஸ் துறையில் பிஎச்.டி., ஐந்தாண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு), நல்ல ஆய்விதழ்களில் கட்டுரைகள். தொழில் நிறுவன நேர்காணல் மூன்றிலும் “உங்களுக்கு ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி நெறிமுறை) அனுபவம் இல்லை” என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்?
*– ஆய்வாளர், குன்னூர்*

நேர்காணலில் உங்களைக் கேட்பவர் மனத்தில் ஓடுவது இதுதான்: இவர் ஒரு தடவை செய்து காட்டியதை, இவர் இல்லாத நாளில், வேறொருவர், வேறு சீரம் லாட்டில் (செல்லுக்கு ஊட்டம் தரும் சீரத்தின் வேறு தொகுதியில்), ஐம்பதாவது தடவை செய்தால் அதே விடை வருமா? கல்வி ஆய்வில் புதியது கண்டவருக்கு மதிப்பு. ஆலையில் ஒன்றை மாறாமல் வைத்திருப்பவருக்கு மதிப்பு. இரண்டும் அறிவியல்தான், ஆனால் பயிற்சி வேறு.

உங்கள் ஊர்த் தடுப்பூசியையே எடுத்துக்கொள்வோம். வீரோ செல்லில் (குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்வரிசை) வெறிநாய்க்கடி வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கும்போது ஒரு செல்லுக்கு ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வைரஸ் போட்டு எல்லாச் செல்லையும் ஒரே நேரத்தில் தொற்ற வைப்போம். ஆலையில் அப்படிச் செய்தால் குறைபட்ட வைரஸ் துகள்கள் பெருகி அடுத்த அறுவடைகளின் அளவைத் தின்றுவிடும். அங்கே செல்லுக்கு 0.1க்கும் குறைவாகப் போட்டு, தொற்றிய பின் வெப்பத்தை 37இலிருந்து 34 டிகிரி பக்கம் இறக்கி, சீரம் இல்லாத ஊடகம் மாற்றி, சில நாள் இடைவெளியில் பல தடவை அறுவடை செய்வார்கள். இந்த வைரஸ் வீரோ செல்லைப் பெரிதாகச் சிதைக்காது. நுண்ணோக்கியில் பார்த்து “பிடித்துவிட்டது” என்று சொல்ல வழியில்லை, ஒளிரும் எதிர்ப்பொருள் பூசித்தான் பார்க்க வேண்டும். பிறகு பீட்டா புரோப்பியோலேக்டோன் என்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து, உயிருள்ள வைரஸ் மிச்சமில்லை என்று செல்லில் வளர்த்து நிரூபித்து, தூய்மைப்படுத்தி, ஒரு டோஸுக்கு 2.5 ஐ.யு.வுக்குக் குறையாத வீரியம் காட்ட வேண்டும். வீரியத்துக்கான எலிச் சோதனை மட்டுமே நான்கு வாரம். வீரோ செல்லின் டி.என்.ஏ. மிச்சம் டோஸுக்கு 10 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) கசௌலி மத்திய மருந்து ஆய்வகத்தைத் தாண்ட வேண்டும்.

இதில் எங்கே கெட்டுப்போகும் என்று தெரிந்தவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். செல்லின் பாசேஜ் எண்ணிக்கை (எத்தனை தடவை புதுக் குடுவைக்கு மாற்றி வளர்த்தோம் என்பது) மூலச் செல் வங்கிக்கு அனுமதித்த எல்லையைத் தாண்டியிருக்கும். சீரம் லாட் மாறியதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இருந்து செல் மெதுவாகியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வளர்ப்புச் சோதனைக்கு 28 நாள் ஆகும். குடுவையில் ஒட்டி வளர்ந்த செல், பயோரியாக்டரில் மைக்ரோகேரியர் மணிகளில் வளரும்போது கலக்கியின் வேகத்தில் உதிர்ந்திருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில், உங்கள் சுயவிவரத்தில் கட்டுரைப் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். முதல் பக்கத்தில் எண்கள் வரட்டும்: என்ன டைட்டர் (வைரஸின் அளவு), எத்தனை தடவை, மாறுபாடு எவ்வளவு, யாருக்குக் கற்றுக்கொடுத்து அவர் கையிலும் வந்தது. இப்போதிருக்கும் ஆய்வகத்திலேயே உங்கள் டி.சி.ஐ.டி.50 சோதனையை (தொற்றும் வைரஸின் அளவைக் கணக்கிடுவது) ஐ.சி.எச். என்ற பன்னாட்டு மருந்து நெறிமுறை அமைப்பின் க்யூ2 வழிகாட்டியின்படி நிறுவுங்கள். மூன்று நாள், இரண்டு பேர், மூன்று வைரஸ் அளவு. அரை லாக் (சுமார் மூன்று மடங்கு) மாறுபாடு வந்தால் எதனால் என்று கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் பிப்பெட்டும் செல் அடர்த்தியும்தான். செல் மூலத்துக்கு க்யூ5டி, வைரஸ் பாதுகாப்புக்கு க்யூ5ஏ, செயல்முறையை மாற்றினால் பழையதும் புதியதும் ஒன்றே என்று காட்டுவதற்கு க்யூ5ஈ. இவை இலவசமாகக் கிடைக்கின்றன. படித்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்.

அடுத்து, பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள். இயக்குநர் பதவிக்கு விண்ணப்பிக்கும் போஸ்ட்டாக்குகள் நிறையப் பேர், அது கிடைப்பதில்லை. செயல்முறை மேம்பாட்டு விஞ்ஞானி அல்லது தரக் கட்டுப்பாட்டு வைராலஜி என்று உள்ளே நுழையுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் தரக் கட்டுப்பாட்டையே நாங்கள் சொல்வோம். பேட்சை நிராகரிக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது, எல்லாத் தவறும் அங்கேதான் முதலில் தெரிகிறது. முதல் இரண்டாண்டில் பேட்ச் பதிவேடு எழுதவும், ஒரு விலகலை மூலகாரணம் வரை விசாரிக்கவும், மாற்றக் கட்டுப்பாட்டுப் படிவத்தை முடித்துக் காட்டவும் கற்றுக்கொள்ளுங்கள். “மனிதத் தவறு” என்று எழுதி விசாரணையை மூடுபவர் அங்கேயே நின்றுவிடுவார். ஏன் அந்த மனிதருக்குத் தவறு செய்ய இடம் இருந்தது என்று கேட்பவரைத்தான் மேலே அனுப்புவார்கள்.

ஜி.எம்.பி. வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். 2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் ஜி.எம்.பி. நெறிகளைக் காரணம் காட்டி நிறுத்திவைக்கப்பட்டு, 2010இல்தான் மீண்டது. பல பத்தாண்டு நாட்டுக்கு ஊசி கொடுத்த நிறுவனங்கள் அவை. அறிவும் அனுபவமும் இருந்தாலும், கட்டடமும் காற்றோட்டமும் பதிவேடும் காலத்தோடு வராவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். அதைப் பார்த்துக்கொண்டு, முன்கூட்டியே பணம் கேட்டு வாங்குவது தலைமையின் வேலை.

எங்களுடையது விருப்பாட்சி வாழை. முடிக்கொத்து நோயால் தோட்டம் போய்விட்டது. பையன் தாவர வைரஸ் படிக்கிறான். இதை வைத்து நிறுவனம் நடத்த முடியுமா?
*– விவசாயி, பண்ணைக்காடு*

முடியும். மனித வைரஸைவிட இந்தப் பாதை குறுகியது. முடிக்கொத்து வைரஸை வாழை அசுவினி பரப்புகிறது, பாதிக்கப்பட்ட கன்று வழியாகவும் வரும். மருந்து கிடையாது. சுத்தமான கன்றும், நோய் வந்த மரத்தை அசுவினியைக் கொன்றுவிட்டுக் கிழங்கோடு அழிப்பதும்தான் வழி. திசு வளர்ப்புக் கூடத்தில் அரை மி.மீ. அளவு குருத்து நுனியை எடுத்து வளர்த்தால் வைரஸ் இல்லாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு தாய்ச் செடியையும் பி.சி.ஆர். பார்த்த பிறகே பெருக்க வேண்டும். இதில் தவறுபவர்கள் தவறும் இடம் ஒன்றுதான்: தாய்ச் செடியைச் சோதிக்காமல் கன்றில் சிலதை மட்டும் சோதிப்பார்கள். ஒரு நோயுற்ற தாய் ஆயிரக்கணக்கில் நோயைப் பெருக்கிவிடும். எட்டுச் சுழற்சிக்கு மேல் பெருக்கினால் ரகம் மாறிய கன்றுகள் கூடும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் திசு வளர்ப்புச் செடிச் சான்றிதழ் திட்டத்தில் கூடத்தைப் பதிவு செய்தால் கன்றுக்குச் சான்று கிடைக்கும். கன்றைச் சமவெளியில் கடினப்படுத்திவிட்டு மலைக்கு ஏற்றாதீர்கள், உங்கள் உயரத்திலேயே நிழல்வலையில் வைத்துப் பழக்குங்கள். நட்ட பிறகு பக்கத்துத் தோட்டத்து நோய் மரம் அப்படியே நின்றால் எல்லாம் வீண். உங்கள் பையன் நிறுவனம் தொடங்கினால் கன்று விற்பதோடு நிற்காமல், ஊர் முழுக்க நோய் மரத்தை அகற்றும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

என் ஆய்வில் காப்புரிமைக்கு ஏற்ற ஒன்று கிடைத்திருக்கிறது. கட்டுரை முதலா, காப்புரிமை முதலா?
*– ஆய்வு மாணவி, கொடைக்கானல்*

விண்ணப்பம் முதலில். மாநாட்டுச் சுவரொட்டி, இணையத்தில் ஏறிய ஆய்வேடு எல்லாமே வெளியீடுதான், புதுமை போய்விடும். தற்காலிக விண்ணப்பம் போட்டால் தேதி உங்களுடையது, முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. அதற்குள் கட்டுரையை அனுப்பலாம். இயற்கையில் இருக்கும் வைரஸைத் தனிமைப்படுத்தியதற்காக மட்டும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது, அதைக் கொண்டு நீங்கள் செய்த முறைக்கோ மாற்றத்துக்கோதான் கேட்க முடியும். மலையில் எடுத்த மாதிரி என்றால் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்கீழ் தேசிய ஆணையத்தின் நடைமுறையையும் முடிக்க வேண்டும். பலர் இதை மறந்து கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமை உங்களுக்கா பல்கலைக்கழகத்துக்கா என்பதை இன்றே எழுத்தில் வாங்குங்கள்.

விஞ்ஞானிகள் உண்மையிலேயே தலைமைக்கு வருகிறார்களா, அல்லது மேலாண்மை படித்தவர்கள்தானா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், வெலிங்டன்*

வருகிறார்கள். மாரிஸ் ஹில்மன் சிகாகோவில் நுண்ணுயிரியல் முனைவர். 1957இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் இருந்தபடி ஆசியக் காய்ச்சலின் வைரஸை அடையாளம் கண்டு உற்பத்தியாளர்களிடம் கொடுத்தார். அதே ஆண்டு மெர்க்கில் சேர்ந்து, தம் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸை வைத்துப் பொன்னுக்கு வீங்கி தடுப்பூசியை உருவாக்கினார். திருத்தணிப் பக்கத்துக்காரரான கிருஷ்ணா எல்லா, விஸ்கான்சினில் பிஎச்.டி. முடித்து, தென் கரோலினாவில் கற்பித்துவிட்டுத் திரும்பி, 1996இல் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக்கைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் ரோட்டா தடுப்பூசி நல்ல பாடம்: 1980களில் டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த வைரஸ், 2015இல்தான் தடுப்பூசியாக வந்தது. வேலூர் சி.எம்.சி.யின் ககன்தீப் காங் அந்தத் துறையிலிருந்தே தேசிய ஆய்வு நிறுவனத் தலைமைக்குப் போனவர்.

மேலாண்மைப் படிப்பு உதவும், ஆனால் அவசியமில்லை. தலைவரின் மேசைக்கு வரும் கடினமான கேள்வி “இந்தத் திட்டத்தை நிறுத்தலாமா?” என்பது. பத்து வருட உழைப்பை நிறுத்தச் சொல்ல, தரவைத் தானே படிக்கத் தெரிய வேண்டும். அதனால்தான் இந்தத் துறையில் விஞ்ஞானிக்கு இடம் இருக்கிறது. கணக்கு வழக்கை அவர் கற்றுக்கொள்ளலாம்.

முதுமலைப் பக்கம் குரங்குக் காய்ச்சல் பயம் இருக்கிறது. அதற்கான பரிசோதனைக் கருவி செய்ய ஒரு சிறு நிறுவனம் தொடங்க எண்ணம். பணத்துக்கு எங்கே போவது?
*– இளம் ஆய்வாளர், கூடலூர்*

மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப உதவி அமைப்பான பைராக்கின் ‘பிக்’ உதவித்தொகை 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. கருத்தை நிரூபிக்க அது போதும், உற்பத்திக்குப் போதாது. குரங்குக் காய்ச்சலை உண்டாக்கும் கியாசனூர் வைரஸை உயிரோடு கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், அதை இந்தத் தொகையில் கட்ட முடியாது. கட்டவும் வேண்டாம். செயற்கையாகத் தயாரித்த ஆர்.என்.ஏ.வை வைத்துச் சோதனையை வடிவமையுங்கள். செயலிழக்கச் செய்த நோயாளி மாதிரிகளுக்குப் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுங்கள், விண்ணப்பத்தில் அந்தக் கடிதம் இருந்தால்தான் நடுவர்கள் நம்புவார்கள். டெங்கு மாதிரிகளில் உங்கள் சோதனை தவறாக ‘ஆம்’ காட்டுகிறதா என்பதை முதல் ஆறு மாதத்திலேயே பார்த்துவிடுங்கள், இரண்டும் ஒரே வைரஸ் குடும்பம். விற்பனைக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின்கீழ் உரிமம் வேண்டும், அந்தச் செலவைத் தனியாக எழுதிவையுங்கள். ‘பிக்’ அழைப்பு வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும் வரும். மாதிரி ஒப்பந்தம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அந்தக் கடிதத்தை இப்போதே எழுதுங்கள்.